மணிமுடியும் கணக்கேடும்
(இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் வாழ்வும் ஆட்சியும்)

ஒரு நாட்டின் மணிமுடியைப் போர்க்களத்தில் வென்றெடுத்தல் ஒரு நாட் பணி. அதனை மகனுக்கும் பேரனுக்கும் உரியதாக்கிச் செல்லுதலோ வாழ்நாட் பணி. முன்னதற்கு வாளும் துணிவும் வாய்த்தால் போதும். பின்னதற்குப் பொறுமை வேண்டும், சட்டம் வேண்டும், நிரம்பிய கருவூலம் வேண்டும், இவை அனைத்திற்கும் மேலாக நீதி வேண்டும். முதல் மூன்றையும் பெற்று, நான்காவதில் தடுமாறிய ஒருவரின் வரலாறே இக்கட்டுரை. இங்கிலாந்தில் டியூடர் மரபைத் தோற்றுவித்த ஏழாம் ஹென்றியே அவர். அவர்தம் மகன் எட்டாம் ஹென்றியையும் பேர்த்தி முதலாம் எலிசபெத்தையும் அறிந்த அளவிற்கு நம்மவர் இவரை அறிந்திலர். எழிலுற நிற்கும் மாளிகையைக் கண்டு வியப்போர் அதன் அடித்தளத்தை நினைப்பதில்லை அன்றோ?

தந்தை முகம் காணாத மகன்

பதினைந்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தின் அரசுரிமை குறித்து லங்காஸ்டர், யார்க் என்னும் இரு கிளையினர் தம்முள் பகைத்துப் பொருதனர். ரோசாப்பூப் போர்கள் என்று வரலாறு கூறும் அவ்வுள்நாட்டுப் பூசல் 1455ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்குப் பலியானோருள் ஹென்றியின் தந்தை எட்மண்ட் டியூடரும் ஒருவர். யார்க் தரப்பினரிடம் சிறைப்பட்டிருந்த அவர் 1456 நவம்பரில் கொள்ளைநோய்க்கு இரையானார். அப்பொழுது அவர் மனைவி மார்கரெட் போஃபோர்ட் கருவுற்றிருந்தார். அடுத்த ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் வேல்சு நாட்டின் பெம்புரோக் கோட்டையில் ஹென்றி பிறந்தார். ஈன்ற தாய்க்கு அப்பொழுது அகவை பதின்மூன்றுதான். அவ்வம்மையார் பின்னர் வேறு மணம் புரிந்தபோதும் அவருக்கு மறுமகவு வாய்க்கவில்லை.

ஹென்றியின் அரசுரிமை மிக மெலிந்ததோர் இழையில் தொங்கியது. தந்தைவழிப் பாட்டனார் ஓவன் டியூடர் வேல்சு நாட்டுக் குடிமகன். ஐந்தாம் ஹென்றியின் கைம்மனைவியாகிய பிரெஞ்சு இளவரசி கேத்தரினை மறைவாக மணந்தவர். இவ்வழியில் பிரெஞ்சு அரச குருதி உண்டேயன்றி இங்கிலாந்தின் அரசுரிமை இல்லை. தாய்வழியில் மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகனாகிய ஜான் ஆஃப் காண்ட் என்பாரின் கொடிவழி இவரைச் சாரும். ஆயினும் அக்கொடி, திருமணத்திற்கு முன் பிறந்து பின்னர்ச் சட்டத்தால் ஏற்கப்பட்ட மக்கள் வழியே வந்தது. அவர்களுக்கு அரியணையில் உரிமையில்லை என்று நான்காம் ஹென்றி 1407இல் வரையறுத்தும் இருந்தார். இத்தகைய ஒருவர் அரசராவார் என்று அன்று எவரும் கனவிலும் கருதியிருக்க இயலாது.

1461இல் யார்க் கிளையின் நான்காம் எட்வர்டு அரியணை ஏறினார். பாட்டனார் ஓவன் தலை துணிக்கப்பட்டார். பெம்புரோக் கோட்டை பகைவர் கைக்குப் போயிற்று. நான்கே அகவை நிரம்பிய ஹென்றி அன்னையிடமிருந்து பிரிக்கப்பட்டு, கோட்டையை வென்ற வில்லியம் ஹெர்பர்ட்டின் காவலில் வளர்க்கப்பட்டார். வீட்டுப் பிள்ளையாகவும் பிணைப் பொருளாகவும் ஒருங்கே வளர்ந்த இளமை அது.

புகலிட வாழ்வு

1471இல் டியூக்சுபரிப் போரில் லங்காஸ்டர் இளவரசர் மாண்டார். அடுத்துக் கோபுரச் சிறையில் ஆறாம் ஹென்றி மன்னரும் உயிர் நீத்தார். நேர்வழி முற்றும் அறுந்த நிலையில், எஞ்சியவர்களின் பார்வை பதினான்கு அகவை இளைஞராகிய ஹென்றியின்மேல் வீழ்ந்தது. அப்பார்வையே அவர் உயிருக்கு ஊறாகவும் அமைந்தது. சிற்றப்பா ஜாஸ்பர் டியூடர் அவரை அழைத்துக்கொண்டு டென்பி துறையிலிருந்து கப்பலேறிப் பிரிட்டனி நாட்டை அடைந்தார்.

அன்று தொடங்கிய புகலிட வாழ்வு பதினான்கு ஆண்டுகள் நீடித்தது. பிரிட்டனியின் கோமகன் இரண்டாம் பிரான்சிசு அடைக்கலம் தந்தார். எனினும் அடைக்கலப் பொருளுக்கு விலை பேசுவோர் ஓயவில்லை. 1476இல் நான்காம் எட்வர்டின் தூதர்கள் கோமகனின் இசைவைப் பெற்று ஹென்றியை அழைத்துப் போகச் சென் மாலோ துறைமுகம் வரை வந்துவிட்டனர். ஆங்கு நோயுற்றார் ஹென்றி. பயணம் தாமதமான வேளையில் தேவாலயம் ஒன்றில் தஞ்சம் புகுந்து தப்பினார். 1484இல் மீண்டும் இத்தகைய சூழ்ச்சி உருவாயிற்று. இம்முறை ஏவலாளன் உடை அணிந்து எல்லை கடந்து பிரான்சு நாட்டிற்குள் ஓடினார்.

பிறர் தயவில் உண்டு, பிறர் வாக்கை நம்பி உறங்கி, அவ்வாக்கு என்று பிறழுமோ என்று விழித்திருந்த ஆண்டுகள் அவை. எவரையும் எளிதில் நம்பாத உள்ளம் அங்குதான் உருவாகியிருத்தல் வேண்டும். பிற்காலத்து ஹென்றியைப் புரிந்துகொள்ள விழைவோர் இப்பதினான்கு ஆண்டுகளை மறத்தல் கூடாது.

பாஸ்வொர்த் களம்

1483 ஏப்பிரலில் நான்காம் எட்வர்டு மறைந்தார். பன்னிரண்டு அகவை மகன் ஐந்தாம் எட்வர்டு முடிசூடும் முன்னரே ஒதுக்கப்பட, சிறிய தந்தையார் மூன்றாம் ரிச்சர்டு அரியணையைக் கைப்பற்றினார். கோபுரத்தில் வைக்கப்பட்ட எட்வர்டும் அவர்தம் இளவலும் அதன்பின் எவர் கண்ணிலும் படவில்லை. இதனால் யார்க் கிளையின் ஆதரவாளர்களே இரண்டுபட்டனர். அவ்வாண்டு கிறிசுமசு நாளன்று, பிரிட்டனியின் ரென் நகரத்துப் பேராலயத்தில், நான்காம் எட்வர்டின் மூத்த மகள் எலிசபெத்தை மணப்பதாக ஹென்றி சூளுரைத்தார். பகைவர் குலத்துப் பெண்ணை மணப்பேன் என்ற அவ்வுறுதி, படை பல சாதிக்காததைச் சாதித்தது.

1485 ஆகஸ்டு முதல் நாள் பிரான்சிலிருந்து புறப்பட்டு, 7ஆம் நாள் தாம் பிறந்த வேல்சு மண்ணில் மில்ஃபோர்டு ஹேவன் கரையில் சில ஆயிரம் வீரருடன் இறங்கினார். ஆகஸ்டு 22ஆம் நாள் பாஸ்வொர்த் அருகே இரு படைகளும் பொருதன. ஹென்றி இருந்த இடம் நோக்கி ரிச்சர்டு தாமே பாய்ந்தார். ஹென்றியின் கொடி தாங்கிய வீரர் அவர் அருகிலேயே வீழ்ந்தார். அந்நொடி வரை எத்தரப்பிலும் சேராது ஒதுங்கி நின்ற வில்லியம் ஸ்டான்லி தம் படையுடன் ஹென்றிக்குத் துணையாகப் புகுந்தார். ரிச்சர்டு மாண்டார், போர்க்களத்தில் உயிர் நீத்த கடைசி இங்கிலாந்து மன்னர் அவரே. லெஸ்டர் நகரில் வாகன நிறுத்துமிடம் ஒன்றன் அடியில் அவர் எலும்புக்கூடு 2012இல் கண்டெடுக்கப்பட்டு, 2015இல் அந்நகரப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது.

வெற்றி பெற்ற இருபத்தெட்டு அகவை மன்னரின் முதற் செயல்களுள் ஒன்று சிந்திக்கத்தக்கது. தம் ஆட்சி போருக்கு முந்தைய நாளாகிய ஆகஸ்டு 21ஆம் நாளே தொடங்கிவிட்டதாக அவர் கணக்கிட்டார். இதன் விளைவு யாது? தம் மன்னருக்காகப் போரிட்டோர் அனைவரும் ஒரே எழுத்தில் துரோகிகள் ஆயினர். அவர்தம் நிலங்களும் அரசுக்கு உரியவாயின. வாளால் வென்றதை நாட்காட்டியால் உறுதிசெய்த கூர்மையை இங்குக் காண்கிறோம். பின்னாளில் பேருருக் கொண்ட அநீதியின் சிறு வித்தையும் இங்கேயே காண்கிறோம்.

இரு ரோசாக்களின் இணைப்பு

அக்டோபர் 30ஆம் நாள் முடிசூட்டு விழா நிகழ்ந்தது. நவம்பரில் கூடிய நாடாளுமன்றம் மணிமுடி ஹென்றிக்கும் அவர் வழியினர்க்கும் உரியதென்று அறிவித்தது; எந்த உரிமையால் என்று விரித்துரைக்கவில்லை. அதன்பின்னரே, 1486 சனவரி 18ஆம் நாள், எலிசபெத்தை மன்னர் மணந்தார். முடி முதலில், மணம் அடுத்து என்ற இவ்வரிசை தற்செயலானதன்று. மனைவியின் சீதனமாக அரசு வந்தது என்று எவரும் பேசலாகாது என்பதே கருத்து. லங்காஸ்டரின் சிவப்பு ரோசாவும் யார்க்கின் வெள்ளை ரோசாவும் இணைந்த டியூடர் ரோசா புதிய மரபின் சின்னமாயிற்று. கட்டடத்திலும் கண்ணாடிச் சாளரத்திலும் அது மலர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பிறந்த தலைமகனுக்குப் பழங்கதை மன்னர் ஆர்தரின் பெயர் சூட்டப்பெற்றது.

பொய் இளவரசர்கள்

மணவினையால் மட்டும் பகை மாய்ந்துவிடவில்லை. லாம்பர்ட் சிம்னல் என்னும் எளிய குடிச் சிறுவனை, சிறையிலிருந்த வாரிக் கோமகன் என்று கூறி, 1487 மே மாதம் டப்ளின் நகரில் முடிசூட்டினர். ஜூன் 16ஆம் நாள் ஸ்டோக் என்னுமிடத்தில் அப்படை முறியடிக்கப்பட்டது. பெரியோர் ஆட்டிய பொம்மை அச்சிறுவன் என்பதை உணர்ந்த மன்னர் அவனைக் கொல்லவில்லை. அரண்மனை அடுக்களையில் வேலைக்கு அமர்த்தினார். அருளும் அறிவும் ஒருங்கே அமைந்த தண்டம் அது.

இரண்டாவது பொய்யர் பெர்க்கின் வார்பெக். கோபுரத்தில் மறைந்த இளவரசருள் இளையவர் தாமே என்று 1491 முதல் உரிமை கோரினார். பர்கண்டியின் கோமகள் மார்கரெட்டும் ஸ்காத்லாந்து மன்னர் நான்காம் ஜேம்சும் அவரை ஏற்றுக்கொண்டனர். இச்சதியில் தொடர்புடையவர் என்று 1495இல் தலை துணிக்கப்பட்டவர், பாஸ்வொர்த் களத்தில் ஹென்றியின் உயிரைக் காத்த அதே வில்லியம் ஸ்டான்லி! ஸ்காத்லாந்துப் போருக்காக விதித்த வரியை எதிர்த்து 1497இல் கார்ன்வால் மக்கள் கிளர்ந்து லண்டனின் வாயில் வரை வந்தனர். பிளாக்ஹீத்தில் அவர்கள் அடக்கப்பட்டனர். அதே ஆண்டு வார்பெக்கும் பிடிபட்டார்.

1499 நவம்பரில் வார்பெக் தூக்கிலிடப்பட்டார். சில நாட்களில் வாரிக் கோமகனும் கொல்லப்பட்டார். இவர் பொய்யர் அல்லர். யார்க் கிளையின் மெய்யான வாரிசு. பத்து அகவையில் சிறை புகுந்து பதினான்கு ஆண்டுகள் அடைபட்டிருந்தவர். யார்க் குலத்தில் பிறந்தமையே அவர் செய்த பெருங்குற்றம். புகலிடத்தில் பதினான்கு ஆண்டுகள் கழித்த மன்னர், சிறையில் பதினான்கு ஆண்டுகள் கழித்த இளைஞரின் உயிரைப் பறித்தார். சிம்னலுக்குக் காட்டிய அருள் வாரிக்குக்கு வாய்க்கவில்லை. அச்சம் அறத்தை வென்ற இடம் இது.

கணக்கேடு ஏந்திய கை

ஏழாம் ஹென்றியின் ஆட்சித் திறத்தை அறியப் போர்க்களங்களைக் காட்டிலும் அவர்தம் கணக்கேடுகளே பெரிதும் உதவுவன. வருவாயை அரண்மனைக் கருவூலத்திற்கே நேரே வரச் செய்து, கணக்குகளைத் தாமே படித்து, பக்கந்தோறும் தம் கையொப்பமிட்டார். அரசு நிலங்களின் வருவாயும் சுங்க வருவாயும் பெருகின. 1489இல் இருபது ஷில்லிங் மதிப்புள்ள சாவரின் பொற்காசு வெளிவந்தது. வரி வேண்டி மக்களை அடிக்கடி வருத்தாது, இருபத்து நான்கு ஆண்டுகளில் ஏழு முறையே நாடாளுமன்றத்தைக் கூட்டினார். 1497க்குப் பின் கூடியது ஒரே முறைதான்.

போரைக்கூட அவர் வரவு செலவாகவே நோக்கினார். 1492இல் படையுடன் பிரான்சுக்குச் சென்றவர், எடாப்பில் உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கிரவுன் பெற இசைந்து மீண்டார். 1496இல் நெதர்லாந்துப் பகுதிகளோடு செய்த வணிக உடன்படிக்கை ஆங்கிலக் கம்பளித் துணிக்குச் சந்தையைத் திறந்தது. போர்ட்சுமவுத்தில் கப்பல் செப்பனிடும் உலர்துறை அமைந்தது. ஜான் கபோட் என்னும் இத்தாலிய மாலுமிக்கு 1496இல் உரிமைப் பட்டயம் அளித்தார். அடுத்த ஆண்டு அவர் வட அமெரிக்கக் கரையைக் கண்டு திரும்பினார். புதிய தீவைக் கண்டவருக்குப் பரிசு பத்துப் பவுன் என்று கணக்கேட்டில் பதிவாயிற்று. ஒரு கண்டத்திற்கு அம்மன்னர் அளித்த உடனடி விலை அதுவே!

உள்நாட்டில் பெருங்குடி நிலக்கிழார்கள் சொந்தப் படை வைத்து நீதிமன்றங்களையே அச்சுறுத்தி வந்தனர். ஆள்பலத்தால் நீதியை வளைப்போரைத் தண்டிக்க 1487இல் சட்டம் இயற்றப்பட்டது. ரோசாப்பூப் போர்களுக்கு வித்திட்ட தனிப்படைகள் ஒடுங்கின. எளியவன் வழக்கிலும் அரசின் குரல் கேட்கத் தொடங்கிற்று. இவை ஹென்றியின் மறுக்கவியலாத நற்பணிகளாகும்.

இரு மரணங்கள்

நீண்ட பேச்சுக்குப்பின் ஸ்பானிய மன்னர் பெர்டினாண்டு, அரசி இசபெல்லா ஆகியோரின் மகள் கேத்தரினை மகன் ஆர்தருக்கு 1501 நவம்பரில் மணமுடித்தார். நேற்று வரை நாடோடியாக இருந்தவரின் குடும்பத்திற்கு ஐரோப்பாவின் பேரரசுக் குடும்பம் பெண் கொடுத்தது. புதிய மரபு வேரூன்றிவிட்டது என்று மன்னர் மகிழ்ந்திருந்த ஐந்தாம் மாதத்தில், 1502 ஏப்பிரல் 2ஆம் நாள், பதினைந்து அகவை ஆர்தர் லட்லோ கோட்டையில் மாண்டார்.

செய்தி கேட்டுக் கலங்கிய மன்னரை அரசி எலிசபெத் தேற்றினார். இன்னும் ஒரு மகனும் மகளிரும் உளர், நாமும் முதுமை எய்திலோம் என்று ஆறுதல் மொழிந்தார். பின் தம் அறைக்குச் சென்றவர் தாய்மைத் துயர் தாங்காது கதறி அழ, இப்பொழுது மன்னர் விரைந்து வந்து அவரைத் தேற்றினார். அரசியற் கணக்கில் தொடங்கிய அம்மணம் மெய்யன்பாய் முதிர்ந்திருந்தமைக்கு இந்நிகழ்ச்சியே சான்று. மீண்டும் கருவுற்ற அரசி ஒரு பெண்மகவை ஈன்றார். சில நாட்களில், 1503 பிப்ரவரி 11ஆம் நாள், தம் முப்பத்தேழாம் பிறந்த நாளிலேயே கண்மூடினார், மகவும் பிழைக்கவில்லை. மன்னர் எவரையும் காணாது ரிச்மண்டு அரண்மனையில் தனித்துத் துயருற்றார். மறுமணம் பற்றிப் பேச்சு நடந்ததுண்டு. ஆயினும் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

வகுத்தலில் வழுவிய மன்னர்

மரபின் எதிர்காலம் இப்பொழுது ஹென்றி என்னும் ஒரே மகனின் உயிரைப் பற்றி நின்றது. மன்னரின் பழைய அச்சம் திரும்பிற்று, கணக்கேடு படைக்கலமாயிற்று. இன்ன தவறு செய்யின் இவ்வளவு பொன் தருவேன் என்று உயர்குடியினரிடம் பிணை எழுதி வாங்கினார். அவர்களுள் பெரும்பாலானோர் இவ்வாறு ஏதேனுமொரு வகையில் அவர் பிடியில் இருந்தனர். அளவுக்கு மீறி ஆட்களை வைத்திருந்த பெர்கவெனிப் பிரபுவுக்கு 1507இல் விதித்த தண்டம் எழுபதாயிரம் பவுனுக்கும் மேல்! அதனை எவராலும் செலுத்த இயலாது என்பதை மன்னரும் அறிவார். அடக்கி வைத்தலே அதன் நோக்கம். ரிச்சர்டு எம்ப்சன், எட்மண்ட் டட்லி என்னும் சட்டமறிந்த இருவர் இப்பணியில் கருவியாயினர். மறந்துபோன சட்டங்களெல்லாம் தூசு தட்டப்பட்டன. வணிகரும் கைம்பெண்டிரும்கூட இவ்வலைக்குத் தப்பவில்லை.

பொருள் வரும் வழி காணல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையாக வகுத்தல் என அரசனின் பணியை நான்காகக் கூறுவது தமிழ் மரபு. ஹென்றி முதல் மூன்றிலும் ஈடு இணையற்றவர். நான்காவதில் வழுவினார். கொள்ளும் முறையில் நடுவுநிலை குன்றிய இடத்தில் நிரம்பிய கருவூலமும் நாட்டிற்கு நிழல் தரவில்லை.

இறுதியும் எச்சமும்

1509 ஏப்பிரல் 21ஆம் நாள், தம் ஐம்பத்திரண்டாம் அகவையில், ரிச்மண்டு அரண்மனையில் ஏழாம் ஹென்றி மறைந்தார். அச்செய்தி இரு நாட்கள் மறைத்து வைக்கப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் தாம் எழுப்பத் தொடங்கிய அழகிய மண்டபத்தில், எலிசபெத்தின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். பல்லாண்டுகளாக இங்கிலாந்து காணாத ஒன்று அன்று நிகழ்ந்தது: போரின்றி, குருதியின்றி, தந்தையின் முடி மகனைச் சேர்ந்தது. பதினேழு அகவை எட்டாம் ஹென்றி அரசரானார். அவர் வாழ்நாட் பணி நிறைவேறிற்று.

ஆயினும் மக்கள் மகிழ்ச்சியே கொண்டாடினர். புதிய மன்னர் எம்ப்சனையும் டட்லியையும் உடனே சிறையிலிட்டு, மறு ஆண்டு தலை துணித்தார். ஏவியவர் மண்டபத்தில் துயில, ஏவப்பட்டவர் கொலைக்களம் புகுந்தனர். மறைவதற்கு முன்னர் ஹென்றி எழுதிய உயிலில், தம் பெயரால் தீங்குற்றோர்க்கு ஈடு செய்ய வேண்டுமென்று பணித்திருந்தார். கோபுரச் சிறையில் இருந்த டட்லியும், மன்னரின் உயிலை நிறைவேற்றுவோர்க்கென, முறைகேடாகத் தண்டம் வாங்கப்பட்டோரின் பட்டியல் ஒன்றை எழுதினார். எண்பதுக்கும் மேற்பட்டன அதிலுள்ள வழக்குகள்.

டியூடர் மரபு 1603 வரை, நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் நிலவியது. கீழை நாடுகளோடு வணிகம் புரியக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு 1600 டிசம்பர் 31ஆம் நாள் பட்டயம் அளித்தவர் இவர்தம் பேர்த்தி எலிசபெத்தே. நம் நாட்டு வரலாற்றில் இம்மரபு இட்ட சுவடு அது. எலிசபெத்துக்குப்பின் அரசுரிமை, ஹென்றி 1503இல் ஸ்காத்லாந்துக்கு மணம் செய்தனுப்பிய மகள் மார்கரெட்டின் வழியினரைச் சேர்ந்து, இரு நாட்டு முடிகளும் ஒருவர் தலையில் அமைந்தன. போரால் முடியாதது நூறாண்டுகளுக்குப்பின் ஒரு மணவினையால் முடிந்தது.

மாணவச் செல்வங்களே! குடும்பமாயினும், நிறுவனமாயினும், நாடாயினும் ஒன்றைத் தோற்றுவிப்போர்க்கு இவ்வரலாறு இரு ஏடுகளை விரித்துக் காட்டுகிறது. ஒன்று மன்னர் பக்கந்தோறும் கையொப்பமிட்ட கணக்கேடு. விழிப்பும் உழைப்பும் சிக்கனமும் எதனைச் சாதிக்கும் என்பதை அது சொல்லும். மற்றொன்று சிறையில் எழுதப்பட்ட அப்பட்டியல். இழப்போம் என்ற அச்சத்தால் பிறரை இழக்கச் செய்பவர் எங்கு வந்து சேர்வார் என்பதை அது சொல்லும். எந்தக் கணக்கையும் பிறரிடம் விடாது தாமே சரிபார்த்த மன்னர், இக்கணக்கை மட்டும் பின்வந்தோர் தீர்க்கும்படி விட்டுச் சென்றார். நம் கணக்கை நாமே, நாள் உள்ளபோதே, தீர்த்துக்கொள்ளுதல் நன்று.